வாங்கும் நாளில் மட்டும் ஈரம் பார்க்காதீர்கள்: நூற்பாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரங்களில் நூற்பாலை நடத்தும் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பஞ்சு லோடு மில் கேட்டுக்குள் நுழைந்ததும் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலைந்து பேலில், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியில், ஈரம் காட்டும் மீட்டரின் ஊசியைக் குத்திப் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் சொன்னதைவிட அரை சதவீதம் ஈரம் கூடியிருந்தாலும் புரோக்கருக்குப் போன் பறக்கும், எடையில் கழிவு பேசப்படும். அதில் தவறே இல்லை. தண்ணீருக்குப் பஞ்சு விலை கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தலைவிதி இல்லை. ஆனால் அதே பேல் குடோனுக்குள் போய் அடுக்கில் ஏறிய பிறகு அதன் ஈரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்து, பல பேல் பஞ்சைக் கலக்கும் மிக்சிங்குக்கு அது வரும்போது யாரும் மறுபடி ஊசியைக் குத்துவதில்லை. நூலாகிக் கோனில் ஏறி, பெட்டியில் அடைபட்டு, திருப்பூருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வாங்குகிறவர் எடை குறைகிறது என்று சொல்லும்போதுதான் ஈரம் என்ற பேச்சு திரும்பவும் எழுகிறது.

மில்லுக்குள் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என் உழைப்புக் காலம் முழுவதும் போனது. பல மில்களின் குடோன்களும் டிபார்ட்மெண்ட்டுகளும் எனக்குப் பழக்கம். அந்த உரிமையில் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: பஞ்சு உள்ளே வந்த நாள் முதல் நூல் வெளியே போகும் நாள் வரை ஈரத்தை அளந்து எழுதுங்கள், அதற்கென்று ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

பஞ்சுக்கு ஈரம் கழிவு அல்ல, அதன் உடம்பில் ஒரு பகுதி. முற்றிலும் உலர்த்திய 100 கிலோ பஞ்சு, நல்ல காற்றில் கிடந்தால் சுமார் எட்டரை கிலோ தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வியாபாரத்தில் 8.5 சதவீதம் என்று நாம் ஒப்புக்கொண்டிருப்பது இந்தக் கணக்குதான். மொத்த எடையில் தண்ணீரின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் அதே பஞ்சு 7.8 சதவீதம் காட்டும். சில மீட்டர்கள் ஒரு கணக்கையும் சில மீட்டர்கள் இன்னொரு கணக்கையும் காட்டுகின்றன. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டை போட்டதை நேரில் கண்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் எந்தக் கணக்கு என்று ஒரு வரி சேர்த்தால் அந்தச் சண்டை தீரும்.

மற்ற பல இழைகள் நனைந்தால் வலு குறையும். பஞ்சு நேர்மாறு, ஈரம் ஏற ஏற அதன் வலு கூடும். காய்ந்த பஞ்சு முறியும். பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங்கில் முறிந்தால் குட்டை இழை கூடும், இழையைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங்கில் முறிந்தால் கழிவு கூடும், ஸ்பின்னிங்கில் முறிந்தால் நூல் அறும். மூன்றுமே உங்கள் லாபக் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்பவை. ஆனால் ரிப்போர்ட்டில் அவை பஞ்சின் தரம், மிஷின் செட்டிங், ஆள் பற்றாக்குறை என்று வேறு வேறு பெயரில் எழுதப்படும்.

எடையையே பார்ப்போம். 170 கிலோ பேல் ஒன்று, மொத்த எடையில் 8 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை குடோனில் கிடந்து அது 6.5 சதவீதத்துக்கு இறங்கினால் 167 கிலோ சொச்சம்தான் இருக்கும். பேலுக்கு 2.7 கிலோ, நூறு பேலுக்கு 270 கிலோ. பஞ்சு எங்கும் களவு போகவில்லை, காற்றில் போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் என்று ஒரு தலைப்பு போட்டுக் கணக்கை மூடிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் நூலில் திரும்ப ஏறாவிட்டால், வாங்கியபோது கொடுத்த காசு விற்கும்போது வராது.

குடோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மில்லிலேயே அதிகப் பணம் தூங்கும் இடமும் அதுதான், குறைவான கவனிப்பு உள்ள இடமும் அதுதான். நூல் நூற்கும் ரிங் ஃபிரேமுக்கு பிட்டர் இருக்கிறார், கம்ப்ரஸருக்கு ஆள் இருக்கிறார். குடோனுக்குப் பூட்டும் வாட்ச்மேனும் மட்டும்.

அடி வரிசை பேல்களைப் புரட்டிப் பாருங்கள். சிமெண்ட் தரையில் நேராக வைத்த பேல், மழைக்காலத்தில் தரையிலிருந்து ஈரம் குடிக்கும். மேல் உறையைக் கிழித்தால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் படர்ந்திருக்கும், கையில் எடுத்தால் மக்கிய வாடை வரும், இழுத்தால் இழை தூள்போல உதிரும். பூஞ்சையும் பாக்டீரியாவும் இழையையே தின்ற அடையாளம் அது. மரச் சட்டத்தின்மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கும் அளவு இடம் விட்டாலே இதில் பெரும்பகுதி நின்றுவிடும். ஒரு பேலின் விலையை வைத்துப் பார்த்தால் மரச் சட்டத்தின் செலவு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, மேலிருந்து வருவது. இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் ஈரக்காற்று தகட்டின் அடியில் துளிகளாகி மேல் வரிசையில் சொட்டும். ஓட்டை இல்லாத கூரையில் எப்படி ஒழுகுகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வெளிநாட்டுப் பஞ்சு தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வெப்பமும் குளிரும் மாறி மாறிப் பட்ட இரும்புக் கூரையிலிருந்து நீர் சொட்டி மேல் பேல்கள் கறைபட்டு வருகின்றன. குடோனுக்குக் காற்றோட்டம் வேண்டும். ஆனால் ஜன்னலை எப்போதும் திறந்து வைத்துவிட்டால் போதும் என்று இருக்கக் கூடாது. வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும் நேரத்தில் திறக்க வேண்டும், ஐப்பசி அடைமழையில் மூட வேண்டும், வெளிக்காற்று அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கும் பங்குனி மதியத்திலும் மூட வேண்டும். எப்போது எது என்று தெரிந்துகொள்ள குடோனுக்குள் ஒன்றும் வெளியே நிழலில் ஒன்றுமாக இரண்டு ஈரப்பத மீட்டர் தொங்கினால் போதும்.

இறுக்கி அழுத்திய பேல் ஈரத்தை மெதுவாகத்தான் வாங்கும், மெதுவாகத்தான் விடும். உதிரிப் பஞ்சு சில மணி நேரத்தில் சுற்றுக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும்; பேலின் நடுப்பகுதிக்கு வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். அதனால் மேலாகக் குத்திப் பார்க்கும் மீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்லும். நீள ஊசியால் நடுவிலும் குத்திப் பாருங்கள். பேலைப் பிரித்து மிக்சிங் அறையில் ஒரு நாள் முழுக்க ஆற வைக்கும் பழைய வழக்கம் இதற்காகத்தான் வந்தது. அவசர ஆர்டர் என்று சொல்லிப் பிரித்த கையோடு, பஞ்சை உதிர்த்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமுக்குத் தள்ளுகிற மில்களில் அடுத்த ஷிப்டில் கார்டிங்கும், பஞ்சுப் பட்டையை இழுத்துச் சீராக்கும் டிராயிங்கும் படும் பாட்டைப் பார்க்க வேண்டும்.

விவசாயி மேலும் ஜின்னிங் காரர் மேலும் பழி போடுவது எளிது. எடைக்காகத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டெல்டாவில் நெல் அறுத்த வயலில் பருத்தி போடும் விவசாயியின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். கும்பகோணம், திருவாரூர் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் ஜூன், ஜூலையில் ஏலம் நடக்கும்போது திடீர் மழை வந்தால், சாக்கில் கட்டிக் கொண்டுவந்த பருத்தியை உலர்த்த அவருக்குக் கூரை போட்ட களம் போதாது. மத்திய அரசின் இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலையில் வாங்கும்போது 8 சதவீத ஈரத்துக்குத்தான் முழு விலை தருகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம் பிடித்தம், 12-ஐத் தாண்டினால் வாங்குவதே இல்லை. அந்த 12-க்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் ஈரமுள்ள கொட்டைப் பருத்தியைக் குவித்து வைத்தால் விதை மூச்சுவிட்டு உள்ளே சூடேறும், பஞ்சு பழுக்கும், விதை முளைப்புத் திறனை இழக்கும். எனக்குக் குறை இதுதான்: பருத்தி மறுக்கப்பட்டால் விவசாயி அதைத் திருப்பி எடுத்துப்போய் எங்கே உலர்த்துவார்? களத்துக்குக் கூரை கேட்கும் குரல் விவசாயிகளிடமிருந்து மட்டும் வராமல் உங்கள் சங்கங்களிலிருந்தும் வந்தால் அரசு கேட்கும். அந்தப் பஞ்சு கடைசியில் உங்கள் மிக்சிங்குக்குத்தான் வருகிறது.

ஜின்னிங்கில் சிக்கல் தலைகீழ். கோடையில் பருத்தி காய்ந்து போகும், காய்ந்ததை ஓட்டினால் இழை முறியும். அதனால் குவியல்மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். மேலே சொதசொத, உள்ளே சருகு. சீரான ஈரம் ஏற்றும் கருவி வைத்த ஜின்னிங் ஆலையின் பேலுக்குக் கேண்டிக்கு (சுமார் 356 கிலோ) நூறு ரூபாய் கூடக் கொடுங்கள், பிரஸ் செய்த நாளின் ஈரத்தைப் பேல் அட்டையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் விற்கிறவர் செய்வார்.

சரி, மில்லுக்குள் வருவோம். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் 50-55 சதவீத ஈரப்பதம், டிராயிங்கிலும், பட்டையை மெலிதாக்கி லேசாக முறுக்கும் சிம்ப்ளெக்ஸிலும் 55-60, ஸ்பின்னிங்கில் 55-ஐ ஒட்டி, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் 60-65 என்று ஏறக்குறைய எல்லா மில்லிலும் போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள். போர்டில் இருப்பது காற்றில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் பஞ்சில் நிலைமின்சாரம் ஏறும், இழை ரோமம்போலச் சிலிர்த்து நிற்கும், வலை போல வரும் பஞ்சு உருளையை விட்டு விலகி ஓடும், தூசி பறக்கும். கூடினால் டாப் ரோலரில் சுற்றிக்கொள்ளும், வெள்ளை ஈ எச்சம் பட்ட பஞ்சு இன்னும் மோசமாக ஒட்டும். இரண்டு பக்கமும் நூல் அறும், மிஷினைப் பார்க்கும் சைடர் ஓடி ஓடி ஒட்ட வேண்டும்.

அளப்பது எதை வைத்து? பல மில்களில் இன்னும் சுவரில் மாட்டிய இரட்டைத் தெர்மாமீட்டர்தான். ஒன்று வெறுமனே இருக்கும், இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணித் திரி சுற்றித் தண்ணீர்க் குப்பியில் விட்டிருப்பார்கள். அந்தத் திரியை அருகில் போய்ப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டியது பஞ்சுத்தூசி படிந்து சாம்பல் நிறமாகி, போர் தண்ணீரின் உப்பு ஏறி ஓலைபோல விறைத்திருக்கும். குப்பியில் தண்ணீர் அரை அங்குலம்கூட இருக்காது. விறைத்த திரி தண்ணீரை இழுக்காது. குமிழ் சரியாகக் குளிராது. ஈரத் தெர்மாமீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். வெறும் தெர்மாமீட்டர் 33 டிகிரியும் ஈரத் தெர்மாமீட்டர் 27-ம் காட்டினால் ஈரப்பதம் 63-ஐ ஒட்டி வரும். உண்மையில் ஈரத் தெர்மாமீட்டர் 26-ல் நின்றிருக்க வேண்டும் என்றால் ஈரப்பதம் 58-தான். ஒரு டிகிரி பிசகில் ஐந்து சதவீதம் காற்றில் இல்லாமல் ரெஜிஸ்டரில் மட்டும் ஏறிவிடுகிறது. போதுமான ஈரம் இருக்கிறது என்று நினைத்து ஆபரேட்டர் ஸ்பிரே பம்பைக் குறைப்பார், நூல் இன்னும் அறும். வாரம் ஒரு புதுத் திரி, வடிகட்டிய சுத்தமான தண்ணீர். இதற்கு ஆகும் செலவை யாரிடமும் கையெழுத்து கேட்டு வாங்க வேண்டியதில்லை. எலக்ட்ரானிக் சென்சார் வைத்திருக்கும் பெரிய மில்களுக்கும் இதே பேச்சுதான்: தூசி படிந்த சென்சாரும் பொய் சொல்லும். அதைத் துடைத்து, நல்ல கருவி ஒன்றோடு ஒப்பிட்டு எத்தனை மாதமாயிற்று என்று பிளான்ட் ஆளைக் கேளுங்கள்.

மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் முதலில் கைவைக்கப்படுவது ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்தான். சப்ளை ஃபேனில் ஒன்றை நிறுத்து, இரவில் பம்பை அணை, தண்ணீர் தெளிக்கும் நாசில் அடைத்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃபேன் நின்ற ஷிப்டில் எத்தனை இடத்தில் நூல் அறுந்தது, எத்தனை கிலோ கழிவு விழுந்தது என்று அதே தாளில் எழுதினால்தானே சேமித்தோமா இழந்தோமா என்று தெரியும்? கடுகு போன இடம் ஆராய்கிறோம், பூசணிக்காய் போன இடம் பார்ப்பதில்லை. மின்சாரத்தைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. வெளிக்காற்றைப் பார்த்து ஃபேன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி, ஒழுகாத டக்ட், அடைப்பு எடுத்த நாசில், கழுவிய ஃபில்டர். இதெல்லாம் புதிய விஷயமே இல்லை. 1956 முதல் கோவையிலேயே இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தைக் கூப்பிட்டால் அளந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

1888-ல் முதல் மில் கோவையில் வந்தபோதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் கிடைத்து மில்கள் பெருகியபோதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றை ஒரு வரமாகச் சொன்னார்கள். வைகாசி முதல் ஆவணி வரை அது உண்மை. மாசி, பங்குனியில் மதிய ஈரப்பதம் 30-க்குக் கீழே போகும் நாள்கள் உண்டு. அன்றைக்குப் பிளான்ட்டை விட்டால் வேறு கதி இல்லை.

இனி, எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது. ஈரத்தைக் கூட்டினால் நூலுக்கு நல்லது. உள்ளே நிற்கிற ஆளுக்கு? ஸ்பின்னிங்கில் மோட்டார்கள் கக்கும் சூட்டை வாங்கித்தான் காற்று ஈரம் தணிகிறது. காற்றைத் தண்ணீர்த் தூறலில் நனைத்து அனுப்பும் ஏர் வாஷரிலிருந்து 26 டிகிரியில் முழு ஈரத்தோடு வரும் காற்று, 33 டிகிரிக்குச் சூடேறினாலும் 67 சதவீதத்தில்தான் நிற்கும். அறுபதுக்குக் கொண்டுவர 35 வரை விட வேண்டும். மழைக்காலத்திலும் வெக்கையான கோடையிலும் நூலுக்கு வேண்டிய எண் கிடைப்பது ஆள் வேகும் சூட்டில்தான். எட்டு மணி நேரம் அதில் நடப்பவர்கள் பெரும்பாலும் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். உடம்பு வேர்க்கும், வேர்வை காயாது. அங்கே ஈரப்பதத்தை மட்டும் பார்க்கிற மேனேஜர் பாதி வேலைதான் செய்கிறார். வெப்பத்தையும், ஆள் நிற்கும் இடத்தில் காற்று வீசுகிறதா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஃபேனை நிறுத்திச் சேமிக்கும்போது பறிபோவது முதலில் இந்தக் காற்றுதான்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. இங்கிலாந்தின் லங்காஷயரில் நெசவுக் கூடங்களுக்குள் நீராவியைப் பாய்ச்சியபோது அங்குள்ள நெசவாளர்கள், உடுப்பு நனைந்து வீட்டுக்குப் போகும்போது நோய் பிடிக்கிறது என்று போராடினார்கள். 1889-ல் பிரிட்டன் அதற்கென்றே சட்டம் போட்டு ஈரத்துக்கு வரம்பு வைத்தது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் செயற்கையாக ஈரம் ஏற்றுவதற்கு 15-ஆம் பிரிவு என்று தனியாகவே ஒன்று எழுதப்பட்டது. குடிநீர்த் தரமுள்ள தண்ணீரை, இல்லையென்றால் நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரைத்தான் தெளிக்க வேண்டும் என்று அது சொன்னது. தெளிக்கிற தண்ணீரைத் தொழிலாளி மூச்சில் இழுக்கிறார் என்பதால்தான் அந்த விதி. பாசி பிடித்த தொட்டித் தண்ணீரையும், ஆர்ஓ கழித்துவிட்ட உப்புத் தண்ணீரையும் ஏர் வாஷரில் ஓட்டுகிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் கறுப்பாகச் சேறு, மேலே பஞ்சு மிதக்கும். அந்தத் தண்ணீர்தான் துகளாகி டிபார்ட்மெண்ட் முழுக்கப் போகிறது.

காய்ந்த காற்றும் ஆளைக் கெடுக்கும். தூசி அடங்காமல் பறந்தால் நெஞ்சுக்குள் போகும். வார விடுமுறை முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள் நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லும் பழைய தொழிலாளிகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிசினோசிஸ் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் நோயின் தொடக்கம் அது. கார்டிங்கில் ஈரப்பதமும் தூசி உறிஞ்சும் குழாயும் ஒழுங்காக இருந்தால் தடுக்கக் கூடியது.

உங்கள் சங்கங்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. கூட்டம் போடும்போது பஞ்சு விலை, இறக்குமதி வரி, மின்கட்டணம் பேசுகிறீர்கள், பேச வேண்டியவைதான். அதோடு உறுப்பினர் மில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தாள் வகுத்துக் கொடுங்கள். பேல் வந்த நாளின் ஈரம், மிக்சிங்குக்குப் போன நாளின் ஈரம், ஷிப்டுக்கு மூன்று முறை ஒவ்வொரு டிபார்ட்மெண்ட்டின் வெப்பமும் ஈரப்பதமும், பேக்கிங்கில் கோனின் ஈரம். பக்கத்திலேயே அந்த ஷிப்டில் நூல் அறுந்த கணக்கும் கழிவும். சிறிய மில்லுக்கு நல்ல மீட்டர் வாங்க முடியவில்லை என்றால் நாலைந்து மில் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளட்டும். அந்தத் தாளை ஆபீஸ் அலமாரியில் பூட்டாமல் ஸ்பின்னிங் வாசலில் ஒட்டுங்கள். சைடருக்கும் பிட்டருக்கும் தெரிந்தால் திரி காய்ந்ததை அவர்களே வந்து சொல்வார்கள்.

இன்னும் சில வாரத்தில் புதுப் பஞ்சு வரத்து தொடங்கிவிடும். லோடு இறங்குவதற்கு முன் குடோனில் மரச் சட்டம் போட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மீட்டரை மாட்டுங்கள். யார் பார்த்து எழுதுவது என்பதையும் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மில்களில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் பார்த்த ஒரு தொழிலாளி